இறுக்கமான ரிவால்வரும் இடம் கொள்ளாத தோட்டாவும்

நுட்பமாகச் செய்த பொறி தவறாமல் இயங்கும், தளர்வாகச் செய்தது மக்கர் செய்யும் என்பது நம்மில் பெரும்பாலோர் உள்ளத்தில் ஊறிப்போன எண்ணம். கடிகாரத்திற்கும் தையல் பொறிக்கும் இது பொருந்தலாம். ஆனால் ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கியைப் பொறுத்தவரை உண்மை வேறாக இருக்கிறது. விலை மிகுந்த, கைத்திறன் மிகுந்த, மயிரிழையும் பிசகாமல் பொருத்திய ரிவால்வர்களே சில வேளைகளில் ஒரு சாதாரணத் தோட்டாவை ஏற்க மறுத்து நின்றுவிடுகின்றன. அதே தோட்டாவை மலிவான, சற்றே ஆட்டங்கண்ட ரிவால்வர் முகஞ்சுளியாமல் சுட்டுத் தள்ளிவிடும். இது ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நம் சங்கத்து நண்பர்கள் எண்ண வேண்டாம். நான் படிப்பது உலோகப் பொருள்களின் இயல்பு. ஒரு துளையும் அதனுள் நுழையும் தண்டும் எவ்வளவு இடைவெளியில் சேர வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்றாடப் பேச்சு. அதற்கு முன்பே வீட்டில் அப்பேச்சு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த என் தந்தையார் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அவர் ‘தௌ’ என்பார். “ரெண்டு தௌ விடுடா, இரும்பும் மூச்சு விடணும்” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். ஒரு தௌ என்பது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு சுமார் இரண்டு மூன்று தௌ. இந்தக் கட்டுரையில் வரும் தகராறுகள் எல்லாம் அந்த அளவுக்குள் நடப்பவைதாம்.

ரிவால்வரின் அமைப்பை முதலில் மனக்கண்ணால் பார்ப்போம். நடுவில் ஓர் எஃகு உருளை. அதில் ஐந்தோ ஆறோ அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு தோட்டா. விசையை இழுக்கும்போது உருளை ஓர் அறையளவு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும், சுத்தி விழும், வெடிக்கும். உருளைக்கு முன்னால் குழல். பின்னால் தோட்டாக்களின் முதுகைத் தாங்கும் தகடு. உருளை சுழல வேண்டுமாதலால் முன்னும் பின்னும் சிறிது இடைவெளி இருந்தே தீரவேண்டும். தோட்டாவிலோ நான்கு உறுப்புக்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் என்னும் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. கூட்டின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் தோட்டா அறைக்குள் ஆழமாக விழுந்துவிடாமல் உருளையின் முதுகில் தாங்கிக்கொள்கிறது.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்து சாதாரண ரிவால்வரில் நாலு முதல் எட்டு தௌ இருக்கும். அதன் வழியே ஒவ்வொரு வெடிக்கும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். அந்த அளவுக்குக் குண்டின் வேகம் குறையும். அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நில்லாவிட்டால் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத்தூள் தெறிக்கும், குறியும் பிசகும். ஆகவே குறி தவறாமையை விரும்பும் கைவினைஞர்கள் சந்தை இரண்டு மூன்று தௌவுக்குக் குறைக்கிறார்கள். அறையைத் தோட்டாவின் உடலோடு ஒட்டினாற்போல் குடைகிறார்கள். பின்பக்க இடைவெளியையும் சுருக்குகிறார்கள். ஜெர்மனியில் வில்லி கோர்த் என்பவரின் பெயரால் வரும் ரிவால்வர்கள் இவ்வகைக் கைப்பொருத்தத்திற்குப் பேர்போனவை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஃப்ரீடம் என்னும் சிற்றூரில், ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஐந்து அறை ரிவால்வர் மற்றோர் எடுத்துக்காட்டு. உருளையைச் சட்டத்தில் பொருத்திய பிறகே, குழல் வரும் நேர்கோட்டிலேயே ஒவ்வோர் அறையையும் குடைந்தார்கள். ஓர் உருளையைக் கழற்றி வேறொரு துப்பாக்கியில் மாட்ட இயலாது. தறியில் நெய்த புடைவைக்கும் தையற்காரர் உடலை அளந்து தைத்த சட்டைக்கும் உள்ள வேறுபாடு இது. சட்டை அழகாக இருக்கும். ஆனால் தீபாவளிச் சாப்பாட்டிற்குப் பிறகு பொத்தான் போடுவது கடினம்.

தோட்டாவைச் செய்வது ஒரு தொழிற்சாலை. துப்பாக்கியைச் செய்வது வேறொரு தொழிற்சாலை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது வாங்கியவர் கையில். இச்சந்திப்பு சண்டையாக முடியாமலிருக்க ஐரோப்பாவில் 1914-இல் தோன்றிய சி.ஐ.பி. என்னும் அமைப்பும், அமெரிக்காவில் 1926-இல் தோன்றிய சாமி என்னும் அமைப்பும் அளவுகளை வரையறுத்திருக்கின்றன. (நம் ஊர்ச் சாமியன்று, ஆங்கில முதலெழுத்துக்களின் கூட்டு.) தோட்டா எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு மேல்வரம்பு, அறை எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கீழ்வரம்பு. மிகப்பெரிய தோட்டாவும் மிகச்சிறிய அறைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. இறுக்கமாகச் செய்பவர் அந்தக் கீழ்வரம்பிலேயே நிற்கிறார். சில சமயம் அதற்கும் கீழே போகிறார். அப்போது மேல்வரம்பை ஒட்டிய தோட்டா ஒன்று பெட்டியில் இருந்தால், இரு தொழிற்சாலையும் ஒழுங்காகவே வேலை செய்திருந்தாலும் துப்பாக்கி நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் பல்கலைக் கழகத்துக்கு அருகிலுள்ள சுடுபயிற்சி மைதானத்திற்கு ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வருவார். அவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த, கையால் பொருத்திய .32 ரிவால்வர் ஒன்று உண்டு. சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் சுட்டுக்கொண்டிருக்கையில் மூன்று குண்டுகள் போயின. நாலாவதற்கு விசை நகரவில்லை. உருளை பாறைபோல் நின்றுவிட்டது. மைதானப் பொறுப்பாளர் துப்பாக்கியை மண்மேட்டை நோக்கி வைத்தபடியே மெல்லத் திறந்து தோட்டாக்களை எடுத்தார். நான் பொருள்களை அளப்பவன் என்று தெரிந்த கர்னல், மைக்ரோமீட்டரோடு வரச் சொன்னார். மறுநாள் அளந்தேன். தடுத்த தோட்டாவின் விளிம்பு தன் கூட்டாளிகளைவிட நாலு தௌ தடித்திருந்தது. அவ்வளவுதான். விளிம்பு உருளைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஆப்புப் போல இறுகியிருந்தது.

கர்னல் சாகிப் அதைக் கேட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பேட்டா, ஊருக்கு வெளியே தோட்டத்தில் தனியாக இருக்கிறோம், நானும் என் மனைவியும். அஞ்சு வருஷமாக இதே பெட்டித் தோட்டாவைத்தான் போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்” என்றார். மயிரிழைக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை எனக்குத் தெரியவில்லை. ரிவால்வரின் ஒரே பெருமை, இழுத்தால் வெடிக்கும் என்பது. தானியங்கிப் பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மேல்தட்டைக் கையால் இழுத்துத் தள்ளிவிடலாம். ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தாலே போதும், அடுத்தது வந்துவிடும். ஆனால் உருளையே சுழலாவிட்டால் அந்தப் பெருமை முழுவதும் போயிற்று. கையில் இருப்பது ஒரு கிலோ இரும்பு.

விளிம்பு ஒன்றுதான் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. பிரைமர் தன் குழிக்குள் சரியாக அமராமல் இம்மியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான். அது பின்தகட்டில் உராயும். நல்ல தோட்டாவில் பிரைமர் அடிப்பரப்புக்கு மூன்று நாலு தௌ உள்ளே அமுங்கியிருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, உடலும் அறையும். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்னும் இரண்டு தோட்டாக்களும் பருமனில் ஒன்றே, நீளத்தில்தான் வேறு. முன்னதன் கூடு 29.3 மில்லிமீட்டர், 1935-இல் வந்த பின்னதன் கூடு 32.8. குட்டைத் தோட்டா நீள அறைக்குள் தாராளமாகப் போகும், மலிவாகவும் கிடைக்கும். ஆகவே மேக்னம் ரிவால்வர் வைத்திருப்பவர் பயிற்சிக்கெல்லாம் .38-ஐயே சுடுவார். ஒவ்வொரு வெடிக்கும் குட்டைக் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். நூறு இருநூறு சுட்டபின் நீளத் தோட்டாவைப் போட்டால், அந்த வளையத்தில் இடித்து விளிம்பு வெளியே நிற்கும். தளர்ந்த அறையில் வளையத்தையும் மீறி உள்ளே போகும். இறுகிய அறையில் போகாது. கட்டைவிரலால் அழுத்தித் திணிப்பவர் உண்டு, அது பெருந்தவறு. கூட்டின் வாய் அந்த வளையத்திற்குள் அகப்பட்டுக்கொண்டால் குண்டை எளிதில் விடாது. அழுத்தம் எல்லை மீறும்.

.22 தோட்டாவில் இத்தொல்லை இன்னும் அதிகம். தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் அதைச் சுட்டிருப்பீர்கள். அதன் குண்டு கூட்டுக்குள் அடங்கியதன்று. கூட்டின் பருமனே குண்டின் பருமன், இரண்டும் 5.7 மில்லிமீட்டர். குண்டின்மேல் பூசிய மெழுகு வெளியே தெரியும். போட்டிக்கென இறுக்கமாகக் குடைந்த அறையில் அந்த மெழுகும் ஈயமும் சேர்ந்து சுவரை மேலும் சுருக்கிவிடும். தோட்டா முழுவதும் அமராமல் நின்றால், சுத்தியின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகி, வெடிப்பதற்கு மிச்சமிராது. “பட்” என்ற ஓசை மட்டும் கேட்கும். அடுத்த சுற்றில் அதே தோட்டா வெடித்துவிடும். ஏனெனில் முதல் அடி அதை உள்ளே அமர்த்திவிட்டது. தோட்டா நமத்துப்போயிற்று என்று பலர் கடைக்காரரை வைவது இதற்குத்தான்.

உள்ளே போவது ஒரு பாடு என்றால் வெளியே வருவது இன்னொரு பாடு. வெடித்த கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரோடு அப்பிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பதே அதன் வேலை. அழுத்தம் தணிந்ததும் பித்தளை தன் நெகிழ்ச்சியால் சற்றுச் சுருங்குகிறது. எவ்வளவு? கடினப்படுத்திய பித்தளை திரும்பிச் சுருங்குவது ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு. 9.6 மில்லிமீட்டர் பருமனுள்ள கூட்டுக்கு அது 0.03 மில்லிமீட்டர், அதாவது ஒரு தௌவுக்குச் சற்று மேல். இதற்கிடையே எஃகுச் சுவரும் சும்மா இருக்கவில்லை. அதுவும் அழுத்தத்தில் விரிந்து, பிறகு தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எஃகு திரும்பும் தூரம் பித்தளை சுருங்கும் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் கூடு கழன்று விழும். அதிகமானால் எஃகு பித்தளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு தௌவின் பின்னத்தில் தோட்டா எளிதாக வருமா, கம்பியால் தட்டி எடுக்க வேண்டுமா என்பது முடிவாகிறது. அறைச் சுவரில் கீறலோ கரியோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோட்டா ஒழுங்காக அமர்ந்திருக்கிறது. உருளை ஒழுங்காகச் சுழல்கிறது. இரண்டு வெடி வெடித்தபின் திடீரென நிற்கிறது. திறந்து பார்த்தால் வெடிக்காத தோட்டா ஒன்றின் குண்டு தன் கூட்டிலிருந்து நழுவி முன்னே வந்து, உருளைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். யார் அதை இழுத்தார்கள்? யாரும் இழுக்கவில்லை. துப்பாக்கி பின்னால் ஓடியது. குண்டு இருந்த இடத்திலேயே நின்றது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதன் காரணமும் இதுதான். நியூட்டனின் முதல் விதி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன ஃப்ரீடம் ஆர்ம்ஸ் ரிவால்வருக்கு உரியது .454 காசல் என்னும் தோட்டா. பழைய .45 கோல்ட் தோட்டாவைப் பத்தில் ஒரு பங்கு அங்குலம் நீட்டி, அதன் அழுத்த வரம்பை நான்கு மடங்குக்கும் மேலாக உயர்த்திச் செய்தது. அதன் 19.4 கிராம் குண்டு விநாடிக்கு 490 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். துப்பாக்கியின் எடை 1.4 கிலோகிராம். குண்டின் உந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே துப்பாக்கி விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேகத்தில் பின்னால் பாய வேண்டும். இவ்வேகத்தை அது அடைவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில். அப்படியானால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் எழுநூறு மடங்கு. அந்தக் கணத்தில், காத்திருக்கும் ஒவ்வொரு குண்டையும் அதன் கூட்டிலிருந்து வெளியே இழுக்கும் விசை, பதின்மூன்று பதினான்கு கிலோ எடையைக் குண்டில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்! ஐந்தாவது தோட்டா இந்த இழுப்பை நான்கு முறை தாங்கியாக வேண்டும். கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் நன்றாக மடித்து இறுக்காவிட்டால் அது தாங்காது. இறுக்கமாகச் செய்த துப்பாக்கிக்கு உருளையின் முகத்தில் மிச்ச இடமும் குறைவு. சற்று நழுவினாலும் குண்டின் மூக்கு குழலின் அடியில் இடிக்கும்.

சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருளை 40 மில்லிமீட்டர் நீளம் என்றும், விடாமல் சுட்டதில் 60 பாகை சூடேறியது என்றும் வைத்துக்கொண்டால், எஃகு 0.03 மில்லிமீட்டர் நீளும். சந்தே 0.05 மில்லிமீட்டர் என்றால் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சத்தைக் கரி நிரப்பிவிடும். காலையில் வெண்ணெய் போல் சுழன்றது பத்து மணிக்கு முரண்டு பிடிப்பதன் காரணம் இதுவே.

போர்க்களத்துத் துப்பாக்கிகளை வகுத்தவர்கள் இதையெல்லாம் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயர் படையின் வெப்லி ரிவால்வர் சேற்றிலும் மணலிலும் சுழல வேண்டியது. அதில் தாராளம் உண்டு. ருஷ்யப் படை 1895-இல் ஏற்ற நாகான் ரிவால்வர் மட்டும் விந்தையானது. விசையை இழுக்கும்போது உருளையே முன்னால் நகர்ந்து, கூட்டின் குறுகிய வாய் குழலுக்குள் நுழைந்து சந்தை அறவே அடைத்துவிடும். சுழலும்போது தளர்வு, சுடும்போது இறுக்கம்! அழகான தீர்வு, ஆனால் விசையின் கனம் விரலை வருத்தும், வெறுங்கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ள வேண்டும். அமெரிக்கப் படை 1870-களில் பட்டது வேறு பாடு. கோல்ட் ரிவால்வரும் ஸ்கோஃபீல்டு ரிவால்வரும் ஒருங்கே வழக்கில் இருந்தன, இரண்டும்.45. ஸ்கோஃபீல்டின் குட்டைத் தோட்டா கோல்ட்டில் போகும். கோல்ட்டின் நீளத் தோட்டா ஸ்கோஃபீல்டின் குட்டை உருளையில் போகாது. கடைசியில் படைத்தொழிற்சாலை இரண்டிலும் போகும் குட்டைத் தோட்டாவையே செய்து வழக்கைத் தீர்த்தது.

எண் ஒன்று, பொருத்தம் வேறு என்னும் இந்தக் குழப்பம் நம் நாட்டிலும் உண்டு. இங்கே குடிமக்கள் உரிமத்தில் பெருவாரியாக வழங்குவது .32. ஆனால் .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. உடல் பருமன் இரண்டுக்கும் ஏறத்தாழ 8.6 மில்லிமீட்டர்; ஆகவே பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். விளிம்போ ரிவால்வர் தோட்டாவுக்கு 9.5, பிஸ்டல் தோட்டாவுக்கு 9.1; பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவே பிடிப்பு. விளிம்பு மெல்லியதும் கூட. அது அறையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்பதை நல்ல பொருத்தம் என்று எவரும் மயங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், இலக்குப் பலகையைச் சுடுபவருக்கு இறுக்கமான ரிவால்வர் தகும். அவருக்கு நின்றுபோனால் ஒரு மதிப்பெண்தான் நட்டம். தலைமாட்டில் வைப்பவருக்கு இரண்டு தௌ தளர்வே மேல். ஆனால் கையில் இருப்பதை மாற்ற எல்லோராலும் முடியாது. கர்னல் சாகிப்பும் மாற்றவில்லை. அவர் இப்போது புதுப் பெட்டி வாங்கினால் மைதானத்திற்குக் கொண்டுவந்து, பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, துப்பாக்கியை மண்மேட்டை நோக்கிப் பிடித்து, விசையில் விரல் வையாமல் வேலை செய்கிறார். முதலில் அறைகளைத் தூரிகையால் துடைக்கிறார். ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு அதைத் தன் எடையாலேயே அறைக்குள் விழவிடுகிறார். “டொக்” என்று விழுந்து விளிம்பு உருளையின் முதுகோடு ஒட்ட வேண்டும். உருளையை மூடியபின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரிய வேண்டும். தேறியவை ஒரு டப்பாவில்; தேறாதவை கடைக்காரரிடம். சென்ற முறை ஐம்பதில் இரண்டு தேறவில்லை.